சலங்கை காணாமல் போன சிடி

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்குச் சந்தேகம் என்பது காப்பி மாதிரி, வேளாவேளைக்கு வேண்டும். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கேஸ் சிலிண்டரில் எடை குறைகிறது, பக்கத்து வீட்டுப் பையன் நம் வைஃபையை உறிஞ்சுகிறான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன். ஆனால் போன சித்திரையில் ஒரு சிடியின் மேல் சந்தேகப்பட்டார் பாருங்கள், அதோடு என் நிம்மதி போனது.

சாரம் என்கிற பகுதியில் எங்களுக்கு சவுண்ட் சர்வீஸ். கீழே கடை, மாடியில் வீடு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் எங்களிடமிருந்து பாக்ஸ், மைக், ஜெனரேட்டர் போகும். கூடமாட இருப்பவன் கோவிந்தராசு. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இவரோடு இருக்கிறான், என்னை அண்ணி என்பான். பாக்ஸ் தூக்குவதும் ஒயர் இழுப்பதும் அவன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்காருவது மட்டும் இவர். மேடையில் பத்துப் பேர் வாசித்தாலும் எவன் சுருதி விலகினான் என்று விரலை நீட்டிச் சொல்லிவிடுவார். உழவர்கரை முழுக்க "தெய்வசிகாமணி காது" என்றே ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் இவருக்கு அன்றைக்குப் பசிக்காது.

வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் ஆடி மாதம் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும். இவர் தொழில் ஆரம்பித்ததே அந்தத் திருவிழாவில்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீ மிதிக்கிற அன்று முதலில் ஒரே ஒரு சிடியின் முதல் பாட்டைத்தான் போட வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் பம்பையும் இருக்காது, குரலும் இருக்காது. வெறும் சலங்கைச் சத்தம் மட்டும் தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி வரும். அம்மன் கோயிலை விட்டு இறங்கி வருகிறாள் என்று கணக்கு. அந்த இடத்தில்தான் பாதிப் பேருக்குச் சாமி வரும். ஒரு வருஷம் கீறல் விழுந்த இடத்தில் பாட்டு சிக்கிக்கொண்டு திக்கித் திக்கிப் பாடியது. அந்த வருஷம் மழை பொய்த்ததற்கு அம்மன் கோபம் காரணம் இல்லையாம், எங்கள் சிடிதான் காரணமாம்! ஊரே சொன்னது.

போன வருஷம் வேறு விதமான பேச்சு. விழாக்கமிட்டித் தலைவர் மண்ணாங்கட்டி கணக்கை முடிக்க வந்தபோது சொன்னார்: "தெய்வம், சத்தம் காதக் கிழிக்குதுப்பா. கொழந்தைங்க எல்லாம் வீல்வீல்னு கத்துதுங்க. வர்ற வருசமும் இப்டின்னா நாங்க வெற்றிச்செல்வனக் கூப்ட்டுக்குவோம், தப்பா நெனச்சுக்காத." வெற்றிச்செல்வன் புதுசு புதுசாக பாக்ஸ் இறக்கிக்கொண்டிருக்கிற பையன். இவருக்கு அவன் பெயரைக் கேட்டாலே நெஞ்சு எரியும். முதன்முதலில் உட்கார்ந்த இடத்தில் இனிமேல் உனக்கு இடமில்லை என்று எழுப்பிவிட்டால் இவர் என்ன ஆவார்? எனக்கு அந்தக் கவலைதான் ராத்திரி பகலாக.

அதனால் இந்த வருஷம் பழுது எதுவும் இருக்கக்கூடாது என்று அந்தச் சிடியை லேப்டாப்பில் ஏற்ற உட்கார்ந்தார்.

சிடியில் இருக்கிற பாட்டை ஏற்றுவதில் என்ன இருக்கிறது, பட்டனைத் தட்டினால் ஏறிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். "அது திருட்டு வேல" என்றார் இவர். கீறல் விழுந்த இடத்தைப் படிக்க முடியாவிட்டால், சிடியைச் சுழற்றிப் படிக்கிற டிரைவ் வாயைத் திறந்து சொல்லாதாம். முன்னால் இருக்கிற சத்தத்தையும் பின்னால் இருக்கிற சத்தத்தையும் பார்த்து, நடுவில் தானாகவே ஒரு ஒட்டுப் போட்டுவிடுமாம். அதனால் இவர் ஒரு மென்பொருள் வைத்திருந்தார். அதுவும் இவரைப் போலத்தான், யாரையும் நம்பாது. பாட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்தது. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி, மறுபடி, விடியும்வரை மறுபடி.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டாம். சில டிரைவ் சோம்பேறி. முதலில் படித்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை சிடியைத் தொடாமலே பழையதை ஒப்பித்துவிடும். அதனால் நடுவில் சிடியின் வேறொரு மூலையைப் படிக்கச் சொல்லி அதன் ஞாபகத்தைக் கலைத்துவிட்டு, பிறகு பழைய இடத்துக்கு வர வேண்டும். இந்த வித்தையை இவர் என்னிடமே காட்டினார் என்றால் நம்புவீர்களா?

"சிடியத் தொட்டியா?"

"தொடலங்க."

"வெண்டக்கா வாங்கினியா?"

"வாங்கிட்டேன்."

"சிடிய எதுல தொடச்ச?"

"தொடவே இல்லன்றேன், எதுல தொடச்சன்னா என்னா அர்த்தம்? நான் என்னா டிரைவா?" என்று கரண்டியைப் போட்டுவிட்டு வந்தேன். இவர் அப்போதும் என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிடியை வட்டமாகத் துடைத்தால் கெட்டுவிடும், நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் துடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பாடம் வேறு எடுத்தார்.

விஷயம் இதுதான். ஏற்றி முடித்ததும் மென்பொருள் பாட்டுக்கு ஒரு எண் கொடுக்கும். உலகத்தில் வேறு யாராவது அதே சிடியை ஏற்றியிருந்தால் அவர்களுக்கு வந்த எண் இன்டர்நெட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு பிழையும் இல்லை என்று பச்சை எழுத்தில் சொல்லிவிடும். இவருக்குப் பச்சைதான் வந்தது. எங்கெங்கோ இருக்கிற ஏழு பேருக்கு அதே எண். ஆனால் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு இவர் முகம் கறுத்துப்போனார்.

"சலங்கையக் காணோம்" என்றார்.

"என்னா அண்ணே, இருக்குதே" என்றான் கோவிந்தராசு.

"பேருக்கு இருக்குது. உசுரு இல்ல. எங்கியோ முழுங்கியிருக்குது."

டிரைவ் சரியில்லை என்று புது டிரைவ் வாங்கினார். அதே எண், அதே பச்சை. சிடி தேய்ந்துவிட்டது என்று சண்டே மார்க்கெட்டில் அலைந்து அதே சிடியின் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்தார். மறுபடியும் பச்சை. லேப்டாப்பை மாற்றினார், ஒயரை மாற்றினார், ஹெட்போனை மாற்றினார். கடைசியில் பழி அந்த ஏழு பேர் மேல் விழுந்தது.

"ஏழு பேரும் சேந்து தப்புப் பண்ணியிருக்கானுங்க" என்றார்.

"அவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியவே தெரியாதேங்க."

"அதான் சொல்றேன். தெரியாதவன் எல்லாம் எப்டி ஒரே மாதிரி சொல்றான்? எவனோ ஒருத்தன் போட்டத மத்தவன் காப்பி அடிச்சிருக்கான்."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாள் மாடியில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது என் சிரிப்பு நின்றுபோனது. கிரைண்டர் ஓடுகிறது, தெருவில் டெம்போ போகிறது, அத்தனையையும் தாண்டிக் கீழேயிருந்து சலங்கைச் சத்தம் ஜல் ஜல்லென்று படியேறி வந்தது. அப்படித் தெளிவாக நான் எந்த வருஷமும் கேட்டதில்லை. கிரைண்டரை அணைத்துவிட்டுக் கீழே போனேன். இவர் பாக்ஸுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "காணோம், காணோம்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் குழந்தைகள் ஏன் அழுதன என்பது அப்போதுதான் புரிந்தது. சன்னமான சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று மிக்ஸரில் அதைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஊருக்குக் காது கிழிகிறது. காலமெல்லாம் பாக்ஸுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்ற மனுஷனுக்குக் காது எத்தனை நாள் தாங்கும்?

சொல்லாமல் இல்லை. ஒரு நாள் சாப்பாடு போடும்போது, "கதிர்காமம் ஆசுபத்திரியில காதுக்கு நல்லா பாக்குறாங்களாம், ஒரு நட போய்ட்டு வருவமா?" என்று மெதுவாக ஆரம்பித்தேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"யார் சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. வயசாவுதில்ல..."

"வெற்றிச்செல்வன் ஆளு யார்னா வந்தானா கடைக்கு? எனக்குக் காது கேக்கலன்னு ஊர்ல கெளப்பி விடப் பாக்குறானா?"

அதற்கு மேல் பேசினால் தட்டு பறக்கும். நான் எழுந்து ரசம் எடுக்கப் போய்விட்டேன். கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குக் காதைவிட இவருடைய மானம்தான் பெரிதாகத் தெரிந்தது, என்ன செய்வது?

அப்புறம் நானும் கோவிந்தராசுவும் ஒரு ஏற்பாடு செய்தோம். கல்யாண வேலைகளில் இவர் மிக்ஸரைத் திருகிவிட்டுச் சாப்பிடவோ ஆள் பார்க்கவோ எழுந்து போவார் இல்லையா, அப்போது அந்த ட்ரெபிள் குமிழைக் கோவிந்தராசு கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். சன்னமான சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். அவன் இல்லாத நேரத்துக்கு எனக்கும் கற்றுக்கொடுத்தான். மேல் வரிசையில், சிவப்புக் குமிழுக்குப் பக்கத்தில். வைகாசி முகூர்த்தம் முழுக்க ஒரு குறையும் வரவில்லை. "சவுண்டு சூப்பர்ணே" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கையைக் குலுக்கினார்கள். இவர் மட்டும் வீட்டுக்கு வந்து, "என் செட்டிங்க எவனோ கைய வைக்கிறான்" என்றார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, அலமாரியிலிருந்த என் நெயில் பாலிஷ் காணாமல் போகும்வரை. அதை எடுத்துக் குமிழிலும் பலகையிலும் ஒரே கோடாகப் பொட்டு வைத்திருக்கிறார். அடுத்த கல்யாணத்தில் எழுந்து போய்த் திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பொட்டும் விலகி நிற்கிறது. அன்றைக்குக் கடைக்குத் திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். நான் டீ கொண்டுவந்து நின்றேன்.

"வெற்றிச்செல்வன்கூட எப்போ சேந்த?" என்று கோவிந்தராசுவைக் கேட்டார்.

"என்னாண்ணே பேசுற?"

"கைய வச்சியா இல்லியா? அதச் சொல்லு."

"வச்சேன்" என்றான் கோவிந்தராசு. பொய் சொல்லத் தெரியாதவன்.

"ஏன்?"

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். டீ டம்ளர் கையைச் சுட்டது, நான் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சுண்ணே" என்றான்.

"எனக்குத் தெரியாத சத்தமா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு? கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா. தம்பின்னு நெனச்சேன்."

கோவிந்தராசு அழவில்லை. ஒயர் சுருளை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, "தீமிதி வரைக்கும் வந்துட்டு நின்னுக்குறேன்" என்று குனிந்து ஷட்டருக்கு அடியில் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு என் மேலேயே எச்சில் துப்பத் தோன்றியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தீமிதி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, வெயில் சாய்ந்த நேரம். கோயில் எதிரே குண்டத்தில் தணல் வாரிப் பரப்பியிருந்தார்கள். கிராமம் முழுக்க மஞ்சள் துணி. இவர் மிக்ஸரைப் பந்தலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோவிந்தராசுவைப் பார்த்து, "நீ ஜெனரேட்டர் கிட்டவே இரு. மிக்ஸர் பக்கம் ஒன் நெழல் விழக்கூடாது" என்றார். ஜெனரேட்டர் கோயிலுக்குப் பின்னால், குளத்தங்கரையில். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் இவருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். குமிழ் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். போகிற போக்கு நன்றாகவே இல்லை.

முதல் பாட்டு போட்டார். சலங்கைச் சத்தம் ஊசி ஊசியாகப் பாய்ந்தது. முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள், ஆனாலும் சாமி வந்தது. இவர் திரும்பி என்னைப் பார்த்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார். "இப்பதான் லேசா எட்டிப் பாக்குது" என்று இன்னும் கொஞ்சம் திருகினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எங்கே போய்ச் சொல்வது?

மண்ணாங்கட்டி ஒயரில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கரகம் வருது, வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் நேராகப் பெரிய பாக்ஸுக்கு முன்னால் போய் நின்றார். மைக்கை எங்கே பிடிக்கக்கூடாதோ அங்கே. பாக்ஸ் விசில் அடிக்க ஆரம்பித்தது. சன்னமான, நீளமான, பல்லைக் கூசவைக்கிற விசில். பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். குழந்தைகள் வீறிட்டன. பம்பைக்காரர் குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார். தலையில் கரகமும் இரண்டு கையிலும் வேப்பிலையுமாகக் குண்டத்தின் விளிம்பில் நின்ற பூசாரி மட்டும் காதைப் பொத்த முடியாமல் தள்ளாடினார்.

இவர் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஏன் காதில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் கையும் காதில்தான் இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம், பார்த்துவிட்டார்.

பூசாரியின் ஒரு கால் தணல் பக்கம் சரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஐயோ என்று இடுப்பைப் பிடித்தார்கள். நான் பாய்ந்து இவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தக் குமிழைத் திருகினேன். விசில் நின்றது. கூட்டம் காதிலிருந்து கையை எடுத்தது. பூசாரி நிமிர்ந்து நின்று, மூச்சு வாங்கி, தணலில் இறங்கினார். கோவிந்தா, கோவிந்தா என்று ஊரே கத்தியது.

இவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை குமிழ் இருக்கிற மிக்ஸரில் தேடாமல் தடுமாறாமல் ஒரே குமிழுக்குப் போன கை அது.

"நீதானா?" என்றார்.

"ஆமாங்க. அவன் நான் சொல்லித்தான் செஞ்சான்."

"விசிலா அடிச்சுது?"

"ஆமாங்க."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"சலங்க?"

"இருக்குதுங்க. சிடியில ஒரு கொறையும் இல்ல. நீங்க போட்ட எல்லாத் தடவையும் இருந்துச்சு."

நான் அழுதுகொண்டே சொன்னேன். பொய் சொல்லுற, எவன் சொல்லிக் குடுத்தான் என்று கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்குமே என்றுகூட இருந்தது. இவர் கத்தவில்லை. தலையை ஆட்டினார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

"அவன என்னென்ன பேசிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து கோவிந்தராசு மட்டும் வந்தான். கண் சிவந்திருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுவிட்டு, நின்றபடியே மிக்ஸரில் கை வைத்தான்.

"அண்ணன் எங்க?" என்றேன்.

"ஜெனரேட்டரப் பாத்துக்குறேன், நீ போய் ஒக்காருன்னுட்டாரு அண்ணி."

"நீ என்னா சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். சேர்ல ஒக்காரலன்னா பரவால்ல, போய் நில்லுன்னாரு."

மண்ணாங்கட்டி வந்து, "தெய்வம் எங்கம்மா? இப்பதான் சத்தம் எளநி மாரி எறங்குது, சொல்லணும் அவன்கிட்ட" என்றார். நான் குளத்தங்கரைக்கு நடந்தேன். இவர் டீசல் கேன் மேல் உட்கார்ந்து, குண்டம் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் சுவர் மறைத்ததால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் வாய் அசைந்தது, ஏதோ சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.